"வக்கீல் வந்தாச்சு, இனி அவர் பாத்துக்குவார்"

கேள்வி: அரசு சட்டக் கல்லூரி ஒன்றில் ஐந்தாண்டுப் படிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் தர்மபுரி மாவட்டம், அரூர் பக்கம். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. மக்களைத் திரட்டி அவர்களுக்காக நிற்கும் வக்கீலாக வேண்டும் என்றுதான் சட்டம் படிக்க வந்தேன். வகுப்பிலோ சமூக நீதி என்பது சட்டவியல் தாளில் ஒரு பத்து மார்க் கேள்வி. மக்களை எப்படி அமைப்பாக்குவது என்று யாரும் வாயே திறப்பதில்லை. எங்கள் காலனியில் சுடுகாட்டுக்குப் போகும் பாதையைப் பக்கத்துத் தோட்டக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டார். பொங்கல் லீவில் கூட்டம் போட்டு, சட்டப் பிரிவுகளை எல்லாம் விளக்கினேன். ஹைகோர்ட்டில் ரிட் போடலாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தைரியம் சொன்னேன். முதல் கூட்டத்துக்கு நாற்பது பேர். மூன்றாவது கூட்டத்துக்கு ஆறு பேர். எங்கே தப்பு? நான் எதைப் படிக்க வேண்டும்? "இயக்கம், போராட்டம்னு போனா பிராக்டீஸ் பண்ண முடியாது" என்று சீனியர்கள் சொல்வது உண்மையா?

பதில்:

தம்பி, உங்கள் முதல் கேள்விக்குப் பதில் உங்கள் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றீர்களே, அங்கேதான். நீங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பிறகு அவர்கள் எதற்கு வர வேண்டும்? அவர்கள் வேலையை விட்டுவிட்டுப் போகவில்லை. வேலையை உங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. இதே தப்பை உங்களைவிடப் பெரிய அளவில் செய்தவன் நான்.

தொழிலுக்கு வந்த புதிதில், வாய்க்கால் புறம்போக்கில் இருந்த இருபத்தாறு வீடுகளுக்காக ஒரு தடையாணை வாங்கினேன். அப்போது எனக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை. தெருவே வந்து மாலை போட்டது. ஒரு வீட்டில் அந்த ஆணை நகலை லேமினேட் செய்து, முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார்கள். அதற்கு முன்னால் அவர்களுக்குள் ஒரு சின்ன சங்கம் இருந்தது. மாதம் ஐந்து ரூபாய் சந்தா, ஒரு நோட்டு, ஞாயிறு சாயங்காலம் கோயில் திண்ணையில் உட்கார்ந்து பேச்சு. ஆணை வந்த பிறகு திண்ணை காலி. "வக்கீல் வந்தாச்சு, இனி அவர் பாத்துக்குவார்." எட்டு மாதம் கழித்து எதிர்த்தரப்பு மனுப் போட்டு அந்தத் தடையை நீக்க வைத்தது. வாய்தா தேதியை நான் அவர்களுக்குச் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. என் பார்வையில் அது என் கேஸ். ஜே.சி.பி. வந்த காலையில் ஒரு அம்மா அந்த லேமினேட் பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றாராம். சர்வேயர் வாங்கிப் பார்த்து, "இது செத்துப் போச்சும்மா" என்றாராம். சங்கம் உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு நூறு பேராவது தெருவில் இருந்திருப்பார்கள். தாசில்தாரிடம் பேசி இரண்டு வாரமாவது வாங்கியிருக்கலாம். வீடு பிழைத்திருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அம்மா தனியாக நின்றிருக்க மாட்டார்.

சட்டக் கல்லூரியில் உங்களுக்குச் சொல்லித்தராத பாடம் இதுதான். ஒரு கூட்டத்துக்குள் வக்கீல் நுழைந்தால் கூட்டம் கலையும். வக்கீல் கெட்டவர் என்பதால் இல்லை. அவர் பேசும் பாஷை மற்றவர்களுக்குத் தெரியாது, தெரியாத பாஷையில் விவாதம் நடந்தால் ஜனங்கள் மரியாதையாக வாயை மூடிக்கொள்வார்கள். நீங்கள் பிரிவு எண்களைச் சொல்லச் சொல்ல, பாதையில் நாற்பது வருடம் பிணம் தூக்கிய மனிதர் தனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்க ஆரம்பித்திருப்பார். அந்த வழக்கில் உங்கள் முதல் சாட்சியே அவர்தான்.

இனி, என்ன படிப்பது என்ற கேள்வி. தத்துவம் வேண்டாம், களம் போதும் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. தத்துவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதைத் தெருவிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போய்ப் படிக்க வேண்டும். வெறுங்கையோடு போனால் பத்து மார்க் பதில்தான் மிஞ்சும்.

உங்கள் கேள்வி சுடுகாட்டுப் பாதை. அதை வைத்துக்கொண்டு மகாராஷ்டிராவில் உள்ள மகாட் ஊரின் குளத்தைப் பற்றிப் படியுங்கள். பொதுக் குளங்களும் கிணறுகளும் எல்லாருக்கும் பொது என்று பம்பாய் சட்டமன்றம் 1923-லேயே தீர்மானம் போட்டாயிற்று. மகாட் நகராட்சியும் அதை ஒட்டி சவ்தார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. சரி, காகிதத்தில் உரிமை வந்துவிட்டது. யாராவது போய்த் தண்ணீர் அள்ளினார்களா? இல்லை. 1927 மார்ச் 20-ல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய்க் குடித்த பிறகுதான் அந்தத் தீர்மானத்துக்கு உயிர் வந்தது. உயிர் வந்த உடனே அடியும் விழுந்தது, ஊர் திரும்பியவர்களைத் தாக்கினார்கள். டிசம்பரில் இரண்டாவது முறை திரளப் போகிறார்கள் என்றதும் சாதி இந்துக்கள் சிவில் கோர்ட்டுக்குப் போய்த் தற்காலிகத் தடை வாங்கிவிட்டார்கள்.

இப்போது அந்த இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். பத்தாயிரம் பேர் கூடியிருக்கிறார்கள், குளத்துக்குப் போயே தீருவோம் என்கிறார்கள். கையில் கோர்ட் ஆணை. தலைவர் நீங்கள், பிரதிவாதியும் நீங்கள், பாரிஸ்டரும் நீங்கள். அம்பேத்கர் குடிக்கும் போராட்டத்தைத் தள்ளி வைத்தார். ஆனால் அவர் "கேஸை நான் பார்த்துக்கொள்கிறேன், வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்லவில்லை. அதைத்தான் கவனிக்க வேண்டும். விஷயத்தைக் கூட்டத்தின் முன் வைத்தார், விவாதம் நடந்தது, கலெக்டரே மேடைக்கு வந்து பேசினார், கடைசியில் குளத்தைச் சுற்றி ஊர்வலம் போய்த் திரும்பினார்கள். அதே மாநாட்டில், டிசம்பர் 25-ல், மனுஸ்மிருதி கொளுத்தப்பட்டது. வழக்கு நடந்துகொண்டே இருந்தது. பம்பாய் உயர்நீதிமன்றத்தில் அவர்கள் ஜெயித்தது 1937 மார்ச் 17-ல். தண்ணீர் குடித்து பத்து வருடம் ஆகிவிட்டது. உயர்நீதிமன்றம் சொன்ன காரணமும் சமத்துவம் இல்லை. தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்று எதிர்த்தரப்பு நிரூபிக்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பத்து வருடமும் இயக்கம் தீர்ப்புக்காகக் காத்துக்கிடக்கவில்லை. கூட்டத்தை எப்போது முன்னால் விடுவது, வழக்கை எப்போது முன்னால் விடுவது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. ஒரு செமஸ்டர் முழுக்க நடத்தலாம்.

அப்புறம் மார்க் காலன்டர். இந்தியாவில் தீண்டாமை ஒழிப்புச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று வருடக்கணக்கில் ஆராய்ந்த அமெரிக்கர். 1974-ல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று, வசதி உள்ளவன் கோர்ட்டில் ஏன் ஜெயிக்கிறான் என்று கேட்கிறது. நல்ல வக்கீல் வைப்பது ஒரு காரணம்தான். முக்கியக் காரணம், அவன் திரும்பத் திரும்ப வருகிறவன். இந்த வழக்கில் தோற்றால் அடுத்ததில் பார்த்துக்கொள்வான், குமாஸ்தாவைத் தெரியும், எந்த வழக்கைச் சமரசத்தில் முடிப்பது, எதைத் தீர்ப்பு வரை இழுப்பது என்று தெரியும். ஏழை வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வருகிறவன், அந்த ஒன்றில் அவனுக்கு எல்லாம் போகும். அப்படியானால் ஒரு முறை வருகிறவர்களைத் திரும்பத் திரும்ப வருகிறவர்களாக மாற்ற என்ன வழி? சங்கம். தனி ஆள் சாகலாம், சோர்ந்து போகலாம், சம்பந்தி வீட்டுப் பேச்சுக்குக் கட்டுப்பட்டு ராஜியாகலாம். சங்கத்துக்கு ஞாபகம் உண்டு. இதைப் படித்தபோதுதான் அந்த ஐந்து ரூபாய் சந்தா நோட்டு என்ன என்று எனக்கு விளங்கியது. பல வருடம் லேட்.

இதற்கு உதாரணம் தேடி நீங்கள் அமெரிக்கா போக வேண்டாம். அரூரில் பஸ் ஏறினால் போதும்.

வாச்சாத்தியில் 1992 ஜூன் 20-ல் நடந்ததை உங்கள் வீட்டில் பேசிக் கேட்டிருப்பீர்கள். சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்கள் ஊருக்குள் புகுந்தார்கள். பிற்பாடு 269 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம்தான் விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. 1995-ல் வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. தர்மபுரி செஷன்ஸ் கோர்ட் தீர்ப்பு 2011 செப்டம்பர் 29-ல். அதற்குள் 54 பேர் இறந்துபோக, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. மேல்முறையீடுகளை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2023 செப்டம்பர் 29-ல், அதுவும் நீதிபதி நேரில் ஊருக்கு வந்து பார்த்த பிறகு.

கிரிமினல் கோர்ட்டில் நிற்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தத் தேதிகளில் எனக்கு ஆச்சரியம் தீர்ப்பு இல்லை. சாட்சிகள். எங்கள் கோர்ட்டில் ஒரு வாய்க்கால் தகராறில் இரண்டு வருடத்தில் சாட்சி பிறழ்ந்துவிடுகிறார்கள். பத்தொன்பது வருடம் ஒரு ஊர் பெண்கள் சொன்ன சொல்லில் நின்றார்கள் என்றால், அதைச் சாட்சியச் சட்டம் செய்யவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூட வந்த ஆள், பஸ் காசு, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீடு, இதெல்லாம் சேர்ந்து செய்தது. நீங்கள் அங்கே போனால், தயவுசெய்து அந்த நாளைப் பற்றி அவர்களைத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். சொல்லிச் சொல்லி அவர்கள் களைத்திருப்பார்கள். கோர்ட்டுக்குப் போன நாட்களில் யார் சமைத்தது, பயந்தவரை யார் போய்ப் பார்த்தது என்று சங்கத்துக்காரர்களிடம் கேளுங்கள். மக்களை அமைப்பாக்குவது என்றால் முக்கால்வாசி அதுதான்.

அம்பேத்கரைப் படிக்கச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் ஊரில் காலனிக்குள்ளேயே இரண்டு தெரு இருக்கும். ஒரு தெருக்காரர் கூட்டம் போட்டால் இன்னொரு தெரு வராது. மூன்றாவது கூட்டத்துக்கு வந்த ஆறு பேரும் எந்தத் தெரு என்று எண்ணிப் பாருங்கள். படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னது இதைத்தான். ஒவ்வொருவனுக்கும் தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற சின்ன ஆறுதல், மொத்தப் பேரும் ஒன்று சேராமல் பார்த்துக்கொள்கிறது. நீதி பற்றி எழுதிய அமெரிக்கத் தத்துவவாதி ரால்ஸைப் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, பரீட்சைக்கு வேண்டும். ஆனால் இந்த இரண்டு தெரு விஷயத்துக்கு அவரிடம் விடை இல்லை.

சரி, சுடுகாட்டுப் பாதைக்கு வருவோம். தலித் மக்கள் சுடுகாட்டையோ பொதுப் பாதையையோ பயன்படுத்த விடாமல் தடுப்பது 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் நேரடியாகவே குற்றம். முன்ஜாமீனுக்கும் அந்தச் சட்டம் வழி வைக்கவில்லை. இந்தப் பிரிவைப் பார்த்ததும் உங்கள் வயதில் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். எஃப்.ஐ.ஆர். போட்ட மறுநாள் நீங்கள் ஹாஸ்டலுக்குப் போய்விடுவீர்கள். அதே தோட்டக்காரரிடம் களை எடுக்கப் போகிற பத்துப் பெண்களுக்கு வேலை நிற்கும். கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பார்கள், கடையில் சாமான் தர மாட்டார்கள். சமூகப் புறக்கணிப்பும் அதே சட்டத்தில் குற்றம்தான், ஆனால் அடுப்பு எரிவது சட்டப் பிரிவால் இல்லை. புகார் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கொடுப்பதா, எப்போது, யார் கையெழுத்தில் என்பதை விலை கொடுக்கப் போகிறவர்கள் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். வேலை நின்றால் ஒரு மாதத்துக்கு என்ன செய்வது என்பதையும் அதே உட்காரலில் பேச வேண்டும். உங்கள் வேலை அவர்கள் முன்னால் எல்லா வழிகளையும், ஒவ்வொன்றின் விலையையும் புரிகிற தமிழில் வைப்பது.

அதற்கு முன்னால் காகிதம். அந்தப் பாதையின் சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, நிலம் என்ன வகை, யார் பேரில் என்று காட்டும் அ-பதிவேட்டு நகலும், நிலத்தின் அளவு வரைபடமான புலப்பட நகலும் எடுங்கள். நீங்களே ஆன்லைனில் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடலாம். எடுக்காதீர்கள். காலனியிலிருந்து இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போங்கள், அவர்கள் கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். முதல் முறை அலைய விடுவார்கள். விடட்டும். இரண்டாம் முறை நான்கு பேர் போவார்கள். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு இதைத்தான் செய்தது. 1994-லிருந்து ஊர் ஊராகப் பொது விசாரணை நடத்தி, வேலைக்கு வந்தவர்கள் என்று அரசுப் பதிவேட்டில் இருந்த பெயர்களை உரக்க வாசித்தார்கள். வராத ஆள் பெயரும் செத்த ஆள் பெயரும் வெளியே வந்தன. 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டத்துக்குப் பின்னால் அந்த வாசிப்பு இருக்கிறது. ஒரு காகிதத்தை எல்லாரும் காதால் கேட்பதற்கு அப்படி ஒரு பலம்.

காகிதம் கிடைத்ததும் கிராம சபை. நம் மாநிலத்தில் இப்போது வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சிக்குக் குறைந்தது 100 பேர் வர வேண்டும். பல ஊரில் நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கே நோட்டைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி முடித்துவிடுவார்கள். உங்கள் ஆட்கள் அறுபது பேர் முன்வரிசையில் உட்கார்ந்து, தீர்மானத்தை எழுதி வாசித்துக் காட்டும் வரை எழுந்திருக்க மாட்டோம் என்றால் அதற்குத் தனி மதிப்பு. ஒடிசாவில் நியாம்கிரி மலையைச் சுரங்கத்துக்குக் கொடுப்பதா என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடமே கேட்கச் சொன்னபோது, பன்னிரண்டு சபைகளும் முடியாது என்றன. அது வன உரிமைச் சட்டத்தின் கீழ் நடந்தது, உங்கள் விஷயத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் தீர்மான நோட்டை லேசாக நினைக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், கலெக்டர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டியது. ரிட் கடைசியில். அப்போது உங்கள் பிரமாணப் பத்திரத்தில் இணைக்க இவ்வளவும் கையில் இருக்கும்.

கல்லூரிக்குள் கற்க வழியே இல்லை என்றும் நினைக்காதீர்கள். பார் கவுன்சில் விதிப்படி ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரம் இன்டர்ன்ஷிப் செய்தாக வேண்டும். எல்லாரும் அதைச் சென்னையில் பெரிய ஆபீஸ்களில் ஃபைல் தூக்கிக் கழிக்கிறார்கள். அதே விதியில் தன்னார்வ அமைப்புகளும் உள்ளாட்சி அமைப்புகளும் இருக்கின்றன. நான்கு வாரம் கட்டடத் தொழிலாளர் சங்கம் நடத்தும் அமைப்பு எதிலாவது உட்காருங்கள். நல வாரிய அட்டை புதுப்பிக்க வருகிறவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். அந்த வாரியமே சங்கங்கள் தெருவில் நின்று வாங்கியது. 1982-ல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது, கட்டடத் தொழிலாளர் வாரியம் 1994-ல். மத்தியச் சட்டம் வந்ததே 1996-ல்தான்.

கல்லூரியின் சட்ட உதவி முகாம்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. பேனர், போட்டோ, மிக்சர் பொட்டலம், வண்டி ஏறு. ஆனால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் தன்னார்வச் சட்டப் பணியாளராகச் சேர்ந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஜெயிலுக்கும் உள்ளே போய்ப் பார்க்க வாய்ப்பு உண்டு. மூட் கோர்ட் என்கிற மாதிரி வழக்காடு போட்டியையும் விடாதீர்கள். வாதாடத் தெரியாத வக்கீலால் சங்கத்துக்கு என்ன லாபம்?

கூட்டம் நடத்தும் வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடம் போகாத ஒரு சித்தாள் அம்மா. சங்கத்தில் எதுவும் முதலில் பேச மாட்டார். கடைசி வரிசையில் பேசாமல் இருக்கிற ஆளைப் பார்த்து, "இப்ப அவர் சொன்னதை நீ உன் வார்த்தையில சொல்லு" என்பார். அவரால் சொல்ல முடியாவிட்டால், "அவருக்குப் புரியல, திரும்பச் சொல்லுங்க வக்கீலய்யா" என்பார் என்னிடம். ஒரு நாள் ஒரே விஷயத்தை நான்கு முறை சொன்னேன். நான்காவது முறைதான் எனக்கே அது தெளிவாகப் புரிந்தது. கூட்டம் முடியும்போது அடுத்த வாரத்துக்குள் யார் என்ன செய்வது என்று ஆளுக்கொரு சின்ன வேலை. வேலை இல்லாமல் யாரையும் எழுந்து போக விடமாட்டார்.

பிராக்டீஸ் பண்ண முடியாது என்கிறார்களே, அது பாதி உண்மை. பணம் மெதுவாகத்தான் வரும். முதல் ஐந்து வருடம் ஜீவனாம்சம், செக் மோசடி, விபத்து வழக்கு என்று எல்லாம் செய்துதான் ஆக வேண்டும், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. விபத்து வழக்கு நடத்தியே இயக்க வழக்குகளை இலவசமாக நடத்துகிறவர்களை எனக்குத் தெரியும். ஒரு சட்ட விஷயத்தை மட்டும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: பதிவு செய்த வக்கீல் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது. தொண்டு நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தால் சன்னதை, அதாவது வக்கீல் தொழில் செய்யும் உரிமத்தை, நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். எது வேண்டும் என்று ஐந்தாம் ஆண்டுக்குள் யோசியுங்கள். பதிவுக் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125-க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் அப்பாவிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

அடுத்த லீவில் ஊருக்குப் போனதும் கூட்டம் போடாதீர்கள். வராமல் போன முப்பத்து நாலு பேரில் பத்துப் பேர் வீட்டுக்காவது போங்கள். பாதையைப் பற்றி நீங்களாகப் பேச்சை எடுக்க வேண்டாம், அவர்களே எடுப்பார்கள். வேலி எந்த வருடம் வந்தது, அதற்கு முன்னால் யார் யார் பிணம் அந்த வழியாகப் போனது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அ-பதிவேட்டு நகல் கிடைத்ததும் அதில் அந்த எண்ணுக்கு எதிரே வண்டிப்பாதை என்று இருக்கிறதா, பட்டா என்று இருக்கிறதா என எனக்கு எழுதுங்கள். பட்டா என்று இருந்தால் வழி வேறு, அதை அப்போது பேசுவோம்.